கால்பந்துக்காரர் சம்பளத்தைக் குறைத்தால் அந்தப் பணம் எங்கே போகும்?

ஆசிரியருக்கு,

வணக்கம். கால்பந்து வீரர்களுக்கு மற்ற விளையாட்டு வீரர்களைவிட அதிகச் சம்பளம் தகுமா என்ற கேள்வி, வீரர்கள் கிளப் மாறும் டிரான்ஸ்பர் சந்தை திறக்கும்போதெல்லாம் தவறாமல் எழுகிறது. மாரத்தான் ஓடுபவர் கஷ்டப்படவில்லையா, மல்யுத்தக்காரர் எலும்பு தேயப் பயிற்சி எடுக்கவில்லையா, பந்தை உதைப்பவருக்கு மட்டும் வாரம் லட்சம் பவுண்டா என்று கேட்பவர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உழைப்பை வைத்துச் சம்பளத்தை அளக்கப் போனால் எந்தத் தொழிலிலும் கணக்கு உதைக்கும். ஒரு விளையாட்டு மொத்தம் எவ்வளவு ஈட்டுகிறது, அதில் ஆடுபவர் கைக்கு எத்தனை சதவீதம் போகிறது, அதை எத்தனை பேர் பிரித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு வேறு முதலாளியிடம் போகும் உரிமை உண்டா என்ற நான்கையும் கேட்டால்தான் பேச்சு உருப்படும்.

முதலில், கால்பந்துக்காரர்தான் உலகிலேயே அதிகம் வாங்குகிறார் என்பதே பாதி உண்மை. பேஸ்பாலில் ஷோஹெய் ஓதானி 2023 டிசம்பரில் 10 ஆண்டுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். அதில் 68 கோடியை ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார் என்பது தனிக்கதை. அடுத்த ஆண்டே ஹுவான் சோட்டோ 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் என்று அதைத் தாண்டினார். சராசரியைப் பார்த்தாலும் உச்சியில் நிற்பது கூடைப்பந்து. 2024-25 பருவத்தில் என்பிஏ அணி ஒன்றின் சம்பள வரம்பு சுமார் 14.06 கோடி டாலர். ஆட்டக்காரர்கள் 15 பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சுமார் 94 லட்சம் டாலர். சில விதிவிலக்குகளின்படி வரம்பை மீறிச் செலவழிக்கலாம் என்பதால் நடப்பில் இன்னும் கூடும். அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல்லில் 2024-ல் அணிக்கு வரம்பு 25.54 கோடி டாலர். ஆனால் பட்டியலில் 53 பேர், எனவே தலைக்கு 48 லட்சம்தான் தேறும். மூளை அதிரும்படி மோதி விளையாடுபவருக்கு, பந்தைக் கூடைக்குள் போடுபவர் வாங்குவதில் பாதிதான் கிடைக்கிறது. அந்த லீக் ஈட்டும் பணம் குறைவும் இல்லை. பங்கு கேட்டு நிற்கும் தலைகள் அதிகம், அவ்வளவுதான். சம்பளத்துக்கும் வலிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்து, செய்திகளில் வரும் எண்களைப் படிக்கும் முறை. இதில்தான் பெரும்பாலான வாதங்கள் தடம் புரள்கின்றன. 2017-ல் நெய்மாருக்காகக் கைமாறிய 22.2 கோடி யூரோ அவருடைய சம்பளம் இல்லை. பார்சிலோனாவுடன் இருந்த ஒப்பந்தத்தை முறிக்கக் கொடுத்த விலை, போனதும் அந்தக் கிளப்புக்கே. டிரான்ஸ்பர் தொகையையும் சம்பளத்தையும் கூட்டி "இவர் இத்தனை கோடி வாங்குகிறார்" என்று எழுதுவது, வீட்டின் விலையை வாடகையோடு கூட்டுவதைப் போன்றது. இன்னொன்று, நாட்டுக்கு நாடு சொல்லும் வழக்கம் மாறும். இங்கிலாந்தில் வாரக் கணக்கு, அதுவும் வரிக்கு முந்தைய தொகை. இத்தாலியில் ஆண்டுக் கணக்கு, பெரும்பாலும் வரி போக மிஞ்சுவது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இங்கிலாந்துக்காரர் இரண்டு மடங்கு பெரியவராகத் தெரிவார்.

வாரம் 1 லட்சம் பவுண்டு என்பதைப் பிரித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 52 லட்சம். இங்கிலாந்தின் வருமான வரியில் 1,25,140 பவுண்டுக்கு மேல் 45 சதவீதம். அதன்மேல் தேசியக் காப்பீடு 2 சதவீதம். கைக்கு வருவது சுமார் 27.7 லட்சம். ஏஜென்டின் கட்டணத்தைக் கிளப் கொடுத்தாலும், வீரர் சார்பில் கொடுத்த பகுதியை அவருக்குக் கிடைத்த சலுகையாகக் கணக்கிட்டு அதற்கும் வரி விழும். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் சம்பளம் பாதியாகும் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருக்கும். இன்னொரு பக்கம், கையெழுத்துத் தொகை, ஆடினால் போனஸ், கோல் போட்டால் போனஸ், அவர் பெயரையும் முகத்தையும் விளம்பரத்தில் பயன்படுத்தும் பட உரிமைக்குத் தனித் தொகை எல்லாம் இந்த வாரச் சம்பளத்துக்கு வெளியே நிற்கும். ஆக, அந்த ஒற்றை எண் இரு பக்கமும் பொய் சொல்லக்கூடியது. (27.7 லட்சம் பவுண்டு போதாதா என்று கேட்டால், தாராளமாகப் போதும். பேச்சு அதுபற்றியதல்ல.)

ஆனால் கால்பந்து ஒப்பந்தத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. நான்கு ஆண்டு என்று எழுதினால் நான்கு ஆண்டுச் சம்பளமும் உறுதி. முழங்கால் தசைநார் கிழிந்து ஒன்பது மாதம் படுத்தாலும் சம்பளம் வரும். கிளப் நினைத்தபோது கிழித்துப் போட முடியாது. என்எஃப்எல்லில் அறிவிக்கும் தொகை வேறு, உறுதியளித்த தொகை வேறு. பேட்ரிக் மஹோம்ஸின் 10 ஆண்டு, 45 கோடி டாலர் ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்திட்ட அன்று முழுத் தொகையும் உறுதியாக இருக்கவில்லை. அங்கே ஒருவரை அணியிலிருந்து நீக்கினால் பின்வரும் ஆண்டுகளின் உறுதி செய்யாத சம்பளம் அப்படியே ஆவியாகிவிடும். இரு விளையாட்டையும் ஒப்பிடுபவர்கள் இந்த ஒரு வேறுபாட்டையாவது கவனிக்க வேண்டும்.

இனி என் முக்கிய வாதத்துக்கு வருகிறேன். "இவ்வளவு கொடுக்கக் கூடாது, உச்சவரம்பு வைக்க வேண்டும்" என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உச்சவரம்பு இருந்த காலம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1901 முதல் 1961 ஜனவரி வரை கால்பந்து வீரருக்கு வாரச் சம்பள வரம்பு இருந்தது. 4 பவுண்டில் தொடங்கி, கடைசியில் 20 பவுண்டில் நின்றது. 1948-49 பருவத்தில் லீக் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 4.1 கோடிக்கும் மேல். அந்த ஆண்டு ஒரு வீரர், அவர் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரராகவே இருந்தாலும், பருவத்தில் வாரம் 12 பவுண்டுக்கு மேலும், கோடை விடுமுறையில் 10 பவுண்டுக்கு மேலும் வாங்கக் கூடாது. மைதானம் நிரம்பி வழிந்தது. டிக்கெட் பணம் குவிந்தது. அது செவிலியருக்கும் போகவில்லை, ஓட்டப்பந்தயக்காரருக்கும் போகவில்லை. கிளப் நடத்தியவர்களிடம் நின்றது.

அந்தக் காலத்தின் டாம் ஃபின்னியைப் பாருங்கள். இங்கிலாந்து அணியின் விங்கர். வயிற்றுப்பாட்டுக்குக் குழாய் வேலைத் தொழிலும் நடத்தினார். பிரஸ்டன் குழாய்க்காரர் என்றே அவருக்குப் பெயர். 1952-ல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவருக்கு 10,000 பவுண்டு கையெழுத்துத் தொகை தருவதாகச் சொன்னது. பிரஸ்டன் நிர்வாகம் அனுப்ப மறுத்துவிட்டது. பேச்சு அத்தோடு முடிந்தது. வீரர் மறுவார்த்தை பேச இடமே இல்லாத ஏற்பாடு அது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கிளப் அவரைத் தன் பட்டியலில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வேறு அணிக்கும் ஆட முடியாது, சம்பளமும் நிச்சயமில்லை.

இந்தப் பிடியை உடைக்க மூன்று அடி தேவைப்பட்டது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் என்று மிரட்டியதும் 1961-ல் வரம்பு விழுந்தது; அந்த ஆண்டே ஃபுல்ஹாம் கிளப் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. நேற்றுவரை 20, இன்று 100. அவருடைய கால்கள் ஒரே இரவில் ஐந்து மடங்கு திறமையாகிவிட்டனவா என்ன? இரண்டாவது, நியூகாசில் கிளப்போடு மோதிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். கிளப் விடுவிக்க மறுத்ததால் ஆடாமல் உட்கார்ந்து, தக்கை விற்கும் வேலைக்குப் போனார். பிறகு ஆர்சனலுக்கு மாறினாலும் வழக்கை விடவில்லை. 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் அந்தப் பிடித்துவைக்கும் முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். மூன்றாவது, பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மன். லியேஜ் கிளப்போடு 1990-ல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிரான்சின் டன்கர்க் அணிக்குப் போக விடாமல் டிரான்ஸ்பர் தொகை குறுக்கே நின்றது. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த வீரரை டிரான்ஸ்பர் தொகை கேட்டு மறிக்கக் கூடாது என்றது. இன்றைய பெரிய சம்பளங்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு தூண். கிளப்புக்குக் கொடுத்திருக்க வேண்டிய டிரான்ஸ்பர் பணத்தில் ஒரு பகுதி வீரரின் சம்பளத்துக்குத் திரும்பியது.

மற்ற தூண் தொலைக்காட்சி. 1992-ல் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் தொடங்கியபோது ஐந்து ஆண்டுக்கான ஒளிபரப்பு உரிமை 30.4 கோடி பவுண்டு. இன்று அதே லீக் ஒரே ஆண்டில் அதைப்போல் பல மடங்கு ஈட்டுகிறது. ஆட்டம் அதே 90 நிமிடம்தான். 40,000 பேர் பார்த்தாலும் 40 கோடிப் பேர் பார்த்தாலும் ஆடுபவருக்குச் செலவாகும் மூச்சு ஒன்றே. தச்சர் இரண்டு மடங்கு சம்பாதிக்க இரண்டு நாற்காலி செய்தாக வேண்டும். கோல் போடுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் 1981-லேயே இதை விளக்கிவிட்டார்: ஒரே நிகழ்ச்சியை எல்லாருக்கும் கொண்டுபோக முடியும்போது, திறமையில் ஓர் அங்குல வித்தியாசம் வருமானத்தில் மைல் கணக்கில் விரியும்.

சரி, தொலைக்காட்சிப் பணம் வந்தது. அதை முதலாளிகள் ஏன் தங்களிடமே வைத்துக்கொள்ளவில்லை? ஐரோப்பியக் கால்பந்தில் கீழே விழும் பயம் ஒன்று இருக்கிறது. பிரீமியர் லீக்கின் கடைசி மூன்று அணிகள் அடுத்த பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் ஒளிபரப்பு வரவு சரிந்துவிடும். இறங்கிய அணிக்கு, லீக் சமமாகப் பகிரும் தொகையில் முதலாண்டு 55 சதவீதம், இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20 என்று ஒரு பாராசூட் பணம் உண்டு (ஒரே பருவம் மட்டும் மேலே இருந்த அணிக்கு மூன்றாம் ஆண்டுத் தவணை கிடையாது). இருந்தும் வலிக்கும். எனவே பக்கத்து அணி ஒரு கோடி கொடுத்தால் நாமும் கொடுத்தாக வேண்டும் என்ற போட்டி. வந்த பணம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்போல வீரர்களிடம் ஓடிவிடும். இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் சில பருவங்களில் சம்பளச் செலவு மொத்த வருமானத்தையே தாண்டியிருக்கிறது. நூறு ரூபாய் வரவுக்கு நூற்றுச் சொச்சம் சம்பளம். மேலே ஏறும் லாட்டரிச் சீட்டுக்கு முதலாளிகள் கட்டும் விலை அது. அமெரிக்க லீக்குகளில் இறக்கம் கிடையாது. கடைசி இடம் பிடித்த அணிக்கும் அதே பங்கு, போதாக்குறைக்கு அடுத்த இளம் வீரர் தேர்வில் முன்னுரிமை வேறு.

கால்பந்துச் சம்பளத்தில் உண்மையிலேயே தவறு எங்கே என்றால், இங்கேதான். ஒரு கிளப் திவாலானால் இங்கிலாந்தில் "கால்பந்துக் கடன்காரர்" விதி என்று ஒன்று இருக்கிறது. வீரர்களின் பாக்கியும் மற்ற கிளப்புகளுக்கான டிரான்ஸ்பர் பாக்கியும் முழுசாக அடைத்தால்தான் லீக்கில் தொடரலாம்; சிறு வியாபாரிகள் பவுண்டுக்குச் சில பென்ஸ் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். 2010-ல் பிரீமியர் லீக்கில் இருந்தபடியே திவால் நிர்வாகியின் கைக்குப் போன முதல் கிளப் போர்ட்ஸ்மத். அதன் கடன்காரர் பட்டியலில், மைதான ஓரத்தில் முதலுதவிப் பெட்டியோடு நிற்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பும் இருந்தது. கொதிப்படைய வேண்டிய இடம் இதுதான், நட்சத்திரத்தின் வாரச் சம்பளம் அல்ல. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ இப்போது சம்பளம், டிரான்ஸ்பர், ஏஜென்ட் செலவெல்லாம் சேர்த்து வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கட்டியிருக்கிறது. 2023-24-ல் 90, அடுத்து 80, 2025-26 முதல் 70. தனிமனிதர் சம்பளத்துக்கு வரம்பு வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். கட்டுவது கிளப்பின் ஊதாரித்தனத்தை. வீரரின் பேரம் பேசும் உரிமை அப்படியே இருக்கிறது.

மற்ற விளையாட்டுகளுக்கு வருவோம். என்பிஏயில் லீக் வருமானத்தில் சுமார் பாதி, என்எஃப்எல்லில் குறைந்தது 48 சதவீதம் வீரர்களுக்கு என்று தொழிற்சங்க ஒப்பந்தமே எழுதி வைத்திருக்கிறது. ஐபிஎல் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய். ஆண்டுக்கு 9,678 கோடி. 2025-ல் ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு, ஆட்டக் கட்டணம் உட்பட, 146 கோடி. பத்து அணிக்கு 1,460 கோடி. டிக்கெட், விளம்பர வரவைத் தொடாமல் ஒளிபரப்புப் பணத்தோடு மட்டும் ஒப்பிட்டாலே சுமார் 15 சதவீதம். ஏலத்தில் 27 கோடிக்கு ஒருவர் போனார் என்று வாய் பிளக்கிறோம். மீதி 85 எங்கே என்று எவரும் கேட்பதில்லை. யூஎஃப்சி கூண்டுச் சண்டையில் வீரர்களுக்குப் போனது வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்பது வழக்கில்தான் வெளிவந்தது. அந்த வழக்குகளில் ஒன்றை முடிக்க நிறுவனம் 37.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அங்கே வலுவான வீரர் சங்கம் இல்லை.

ஒலிம்பிக்கின் நிலை இன்னும் மோசம். சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கத்துக்கு ஒரு காசும் பரிசாகத் தருவதில்லை. 2024 பாரிஸில் உலகத் தடகளச் சங்கம்தான் முதன்முதலாகத் தன் 48 பிரிவுகளின் தங்கத்துக்குத் தலா 50,000 டாலர் கொடுத்தது; மொத்தம் 24 லட்சம். உலகமே கண் கொட்டாமல் பார்த்த நூறு மீட்டர் ஓட்டத்துக்கும் அதே தொகைதான். ஓட்டக்காரருக்குப் பார்வையாளர் இல்லாமல் இல்லை. அந்தப் பணத்தில் பங்கு கேட்கும் மேசையில் அவருக்கு நாற்காலி இல்லை. டென்னிஸில் 200-ஆவது இடத்தில் இருப்பவர் பயிற்சியாளர், பிசியோ, விமானம், மட்டைக்கு நரம்பு கட்டுவது வரை எல்லாவற்றையும் சொந்தக் காசில் பார்த்துக்கொள்ள வேண்டும். காயம் பட்ட வாரம் வருமானம் பூஜ்யம். ஆண்கள் சங்கமான ஏடிபி 2024-ல் ஒரு ஆண்டு உத்தரவாதம் கொண்டுவந்தது: முதல் 100 பேருக்கு 3 லட்சம் டாலர், 175 வரை 1.5 லட்சம், 250 வரை 75,000. பரிசுத்தொகை இந்த அளவுக்குக் குறைந்தால் மீதியைச் சங்கம் நிரப்பும். மற்ற தனிநபர் விளையாட்டுகள் பார்த்து எழுத வேண்டிய விடைத்தாள் இது.

"பார்ப்பவர் அதிகம், அதனால் சம்பளம் அதிகம்" என்ற வாதத்தையும் நான் முழுசாக ஏற்கவில்லை. பார்வையாளர் கூட்டம் தானாக முளைப்பதில்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக், கெர் லேடீஸ் என்ற பெண்கள் கால்பந்து அணியின் ஆட்டத்துக்குச் சுமார் 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரிலேயே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. தடை விலக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. 2022 ஆண்கள் உலகக் கோப்பையின் பரிசுத்தொகை 44 கோடி டாலர், 2023 பெண்கள் கோப்பையில் 11 கோடி என்ற வித்தியாசத்தை "சந்தை நிலவரம்" என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள், அந்தச் சந்தையின் கதவை யார் பூட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு மாயை, கால்பந்துக்காரர் என்றாலே பணக்காரர் என்பது. உலக வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் 54 நாடுகளில் சுமார் 14,000 பேரிடம் எடுத்த கணக்கில், 45 சதவீதம் பேர் மாதம் 1,000 டாலருக்கும் குறைவாக வாங்கினார்கள். 41 சதவீதம் பேருக்கு முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமாகியிருந்தது. ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால் வீரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, 15 நாள் அவகாசம் விட்டு, அப்படியும் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இதில் பலர் கோட்டை விடுவது அந்த எழுத்து நோட்டீஸில்தான். வாய்ச்சொல்லில் சண்டை போட்டுவிட்டுப் பயிற்சிக்கு வராமல் நின்றால், ஒப்பந்தத்தை மீறியவர் வீரர் என்று கிளப் வழக்கைத் திருப்பிவிடும்.

ஆகவே என் பதில்: மற்றவரைவிட அதிகம் வாங்கும் தகுதி கால்பந்துக்காரருக்குத் தனியாக எதுவும் கிடையாது; தான் ஈட்டித் தரும் பணத்தில் பாதியளவு கேட்கும் தகுதி ஆடும் எல்லாருக்கும் உண்டு. அதைக் கால்பந்து வீரர்கள் கேட்டு வாங்கிவிட்டார்கள், மற்றவர்கள் இன்னும் வாங்கவில்லை. முன்னவரிடமிருந்து பிடுங்குவதால் பின்னவருக்குச் சல்லிக்காசு சேராது.

மற்ற விளையாட்டுகள் உடனே கடன் வாங்கத்தக்க ஒரு விதியும் கால்பந்தில் இருக்கிறது. நாடு விட்டு நாடு டிரான்ஸ்பர் நடந்தால் தொகையில் 5 சதவீதம், அந்த வீரரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிய வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு மொத்தத்தில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5. ஒருவர் 1 கோடி யூரோவுக்குப் போனால், 12 முதல் 15 வரை நான்கு ஆண்டும் அவரை வைத்திருந்த சின்னக் கிளப்புக்கு 1 லட்சம் யூரோ வரும். பயிற்சி மைதானத்துக்கு விளக்குப் போட அது போதும். இந்தப் பணம் நெடுங்காலம் சரியாகப் போய்ச் சேராததற்குக் காரணம், யார் எந்த ஆண்டு எங்கே ஆடினார் என்ற பதிவு இல்லாததும், டிரான்ஸ்பர் நடந்தது தெரியாமல் சின்னக் கிளப்புகள் கேட்காமலே விட்டதும்தான். 2022 நவம்பரில் பாரிஸில் ஃபிஃபா தொடங்கிய தீர்வகம் இப்போது மின்னணுப் பதிவை வைத்துத் தானே கணக்கிட்டு அனுப்புகிறது. அதற்கும் அந்தச் சின்னக் கிளப், பையனின் பெயரைப் பன்னிரண்டு வயதிலேயே தன் தேசியச் சங்கத்தில் தேதியோடு பதிந்திருக்க வேண்டும். பதியாத ஆண்டுக்குப் பங்கு கோர வழியில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்